அக்காம்ப்ளிஸ் என்றால் உடந்தை!

"தொப்!"

அடுக்குமாடிக் குடியிருப்பின் பின்புறம் வண்டி துடைத்துக்கொண்டிருந்த டிரைவர், மேலேயிருந்து யாரோ பழைய மெத்தையைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தான். நாலு வார்த்தை திட்டலாம் என்று திரும்பினான்.

மெத்தை வளையல் போட்டிருந்தது!

அவன் போட்ட அலறலில் ஐந்து மாடியிலும் ஜன்னல்கள் திறந்துகொண்டன.

சிமென்ட் தரையில் கிடந்தவள் நாலாவது மாடிக்காரி. முகத்தை விடக் குரலால் ஊருக்குத் தெரிந்தவள். பேங்குக்கு ஃபோன் போட்டால், 'தயவுசெய்து இணைப்பில் காத்திருக்கவும்' என்று தேன் தடவிச் சொல்வாளே... அவள்தான். இப்போது வாய் திறந்தபடி கிடந்தாள். குரல் இல்லை.

ஆனால், அதே சமயத்தில் அவளுடைய குரல் வேறு இடங்களில் பேச ஆரம்பித்திருந்தது!

அவள் குடும்பத்து வாட்ஸ்அப் க்ரூப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ். அண்ணன் தன் டைல்ஸ் கடையில் இருந்தபடி கேட்டான். அண்ணி சமையலறையில் கேட்டாள். கணவன், தான் வேலை பார்க்கும் பதிப்பகத்தின் மேஜையில் கேட்டான்.

'என்னை மன்னித்துவிடுங்கள்... அந்தக் குற்றத்தில் நான் உடந்தையாக இருந்தேன்... அவர் வைத்த தீயில் ஒருவர் உயிரிழந்தார்... இதைச் செய்தது என் கணவர்தான்... இந்த உண்மையை இனியும் என்னால் மறைக்க முடியாது...'

அவ்வளவுதான்!

*

இன்ஸ்பெக்டர் வந்தபோது வீட்டு ஹால் அடுப்பு மாதிரி கொதித்தது.

பிணங்களைப் பார்த்துப் பார்த்து மரத்துப்போன பெண்மணி அவள். கீழே கிடந்த உடலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மேலே வந்து பால்கனியை ஒரு பார்வை பார்த்தாள். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

கூட வந்த ஏட்டு அப்படியில்லை. வியர்வையைத் துடைத்தபடி சுவிட்சைத் தேடிப் பிடித்து ஃபேனைப் போட்டார்.

"இந்த வெயில்ல ஃபேன் கூடப் போடாம எப்படி மேடம் இருந்தாங்க? அதான் குதிச்சுட்டாங்களோ என்னவோ!"

"ஏட்டய்யா..."

"சாரி மேடம்."

"மணி என்ன?"

ஏட்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "பதினொண்ணே கால்... இல்லையே, நாம கிளம்பும்போதே பன்னெண்டு ஆச்சே! நின்னுபோன கடிகாரம் மேடம்."

அப்போதுதான் கணவன் உள்ளே வந்தான்.

சட்டைப் பையில் இரண்டு பேனா. மூக்கின் நுனியில் கண்ணாடி. வந்தவன் அழவில்லை. கேட்கவும் இல்லை. வாசல் செருப்புகளை ஜோடி ஜோடியாக நேராக வைத்தான். பிறகு சோபாவின் ஓரத்தில், விருந்தாளி உட்காருகிற மாதிரி உட்கார்ந்தான்.

பின்னாலேயே அவள் அண்ணன் புயலாக நுழைந்தான்.

"டேய்! மாப்ளே மாப்ளேன்னு கூப்பிட்ட வாயை ஆசிட் ஊத்திக் கழுவணும்டா! என் தங்கச்சியை இப்படித் தரையில போட்டுட்டியேடா, பாவி!"

ஏட்டு குறுக்கே விழுந்து அவனைப் பிடித்துக்கொண்டார்.

"மேடம், இவனை விடாதீங்க! அவ குரல் குடுத்த அந்த ஸ்டூடியோ எரிஞ்சதே... வாட்ச்மேன் உள்ளே மாட்டிக்கிட்டு செத்தாரே... இவன் வச்ச தீதான்! என் தங்கச்சி வாயாலேயே சொல்லிட்டுப் போயிட்டா. கேளுங்க!"

இன்ஸ்பெக்டர் கேட்டாள். இரண்டு தடவை கேட்டாள்.

ஸ்டூடியோ தீ அவளுக்குப் புதிதல்ல. நாலைந்து மாதத்துக்கு முந்தைய கேஸ். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், யாருமில்லாத ஒலிப்பதிவுக் கூடம் தீப்பிடித்தது. யாருமில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சாப்பிட்டுவிட்டு உள்ளறையில் கண் அசந்திருந்த வாட்ச்மேனைக் கரிக்கட்டையாகத்தான் வெளியே எடுத்தார்கள். பெட்ரோல் ஊற்றியவன் யார் என்று இதுவரை தெரியவில்லை.

"சார், இது உங்க மனைவி குரல்தானா?"

கணவன் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவ குரல்தான்."

"அவங்க சொல்றது உண்மையா?"

அவன் மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டான்.

"சார், உங்களைத்தான் கேக்கறேன். ஸ்டூடியோவுக்குத் தீ வச்சது நீங்களா?"

"அவ சொன்னா அப்படித்தான் இருக்கும்... எழுதிக்கோங்க."

ஏட்டு வாயைப் பிளந்தார். லத்தியைத் தொடாமல், குரலை உயர்த்தாமல், ஒரு ஆள் இப்படிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு அவர் சர்வீஸில் பார்த்ததில்லை.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? சாகப்போற பொம்பளை, 'உயிரிழந்தார்'னு நியூஸ் வாசிக்கிற மாதிரியா பேசும்?"

அண்ணன் எரிந்து விழுந்தான். "அவ தொழிலே அதுதான்யா! மைக்கைப் பாத்தா அவளுக்கு அப்படித்தான் வரும்!"

இன்ஸ்பெக்டர் அவனைக் கையமர்த்தினாள். கணவனின் முகத்தையே பார்த்தாள். மரத்துப்போன முகம் எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். தினமும் கண்ணாடியில் பார்க்கிறாள். ஆனால் இந்த முகத்தில் வேறு எதுவோ இருந்தது. என்னவென்றுதான் பிடிபடவில்லை.

"பொண்ணு எங்கே?" என்று கணவன் திடீரென்று கேட்டான்.

"ஸ்கூல்லேர்ந்து நேரா என் வீட்டுக்கு அழைச்சுட்டுப் போயாச்சு. இனிமே அவ என் பொண்ணு. உன் நிழல் கூட அவ மேல படக்கூடாது!" என்றான் அண்ணன்.

"நல்லது," என்றான் கணவன்.

வீட்டைப் பூட்டி சீல் வைத்துவிட்டு, அவனை ஜீப்பில் ஏற்றினார்கள்.

*

மறுநாள் காலை. புது ஸ்டூடியோ.

எரிந்துபோன ஸ்டூடியோவின் முதலாளியே ஒலிப்பதிவாளரும். 'சவுண்டு' என்று சொன்னால்தான் ஊரில் அவனை எல்லோருக்கும் தெரியும். இன்ஷூரன்ஸ் புண்ணியத்தில் எல்லாம் பளபளவென்று இருந்தது. கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்ததால் இன்ஸ்பெக்டரும் ஏட்டும் வெளியே காத்திருந்தார்கள்.

விளக்கு அணைந்தது.

வெளியே வந்த சவுண்டு, கழுத்தில் ஹெட்ஃபோனோடு நேராக ஒரு மூலைக்குப் போனான். அங்கேயிருந்த குட்டி ஃபிரிட்ஜின் சுவிட்சைப் போட்டான். கதவைத் திறந்து, பால் பாக்கெட்டுக்குப் பக்கத்திலிருந்து பைக் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

ஏட்டுவுக்குத் தாங்கவில்லை. "ஏன் சார், சாவிக்கு ஜுரமா?"

சவுண்டு சிரித்தான். "ரெக்கார்டிங் சமயத்துல ஃபிரிட்ஜ் 'உம்...'முனு இரையும் சார். மைக் அதையும் பிடிச்சுடும். அதனால அணைச்சுடுவோம். அப்புறம் திரும்பப் போட மறந்து வீட்டுக்குப் போயிடுவோம். எத்தனை தடவை பால் கெட்டுப்போச்சு தெரியுமா? இப்ப சாவியை உள்ளே வச்சுட்டா, அதை எடுக்காம வண்டி கிளம்பாது. எங்க தொழில்ல நிறைய பேர் இப்படித்தான். கை தானாப் போகும்."

"மூளை சார் உங்களுக்கு!"

இன்ஸ்பெக்டர் விஷயத்துக்கு வந்தாள். "அந்தம்மா அனுப்பின மெசேஜைக் கேட்டீங்களா?"

சவுண்டின் சிரிப்பு மறைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"கேட்டேன் மேடம், ஊரே ஃபார்வர்ட் பண்ணுதே. என் ஸ்டூடியோவை எரிச்சவன் என் கூடவே டீ குடிச்சிருக்கான். அகராதிக்கு வேண்டிய வாக்கியத்தையெல்லாம் எழுதிக்கிட்டு வந்து இதே சோபாவுலதான் உக்காருவான்..."

"அகராதியா?"

"ஆமாம் மேடம். அவன் பதிப்பகத்துல இங்கிலீஷ்-தமிழ் அகராதி போடறாங்க. வார்த்தை, அர்த்தம், உதாரணம் எல்லாம் அவன் எழுதுவான். அவ படிப்பா. நான் பதிவு பண்ணுவேன். ஃபோன்ல ஆப்பா வந்திருக்கு."

ஏட்டு குசுகுசுத்தார். "அகராதி பிடிச்சவனை நிறையப் பாத்திருக்கேன் மேடம். அகராதி எழுதறவனை நேத்துதான் பாத்தேன்!"

"அந்த மெசேஜ், வெட்டி ஒட்டினதா இருக்க முடியுமா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டாள்.

சவுண்டு யோசிக்கவேயில்லை.

"சான்ஸே இல்லை மேடம். வார்த்தையை வெட்டி ஒட்டலாம். ஆனா ஒவ்வொரு ரூமுக்கும் ஒரு அமைதி உண்டு. ஒட்டுப்போட்ட இடத்துல அந்த அமைதி டக்குனு மாறும். இதுல மாறவே இல்லை. தூரத்துல ஒரு லாரி ஹாரன் கூட முழுசாக் கேக்குது பாருங்க... ஒரே மூச்சுல பேசினது."

ஃபாரன்சிக் லேபிலிருந்து வந்த ஃபோனும் அதையேதான் சொன்னது. ஒரே ரூம். ஒரே அமைதி.

கணவனின் கழுத்தில் கயிறு இறுகிக்கொண்டே வந்தது!

*

ஸ்டேஷன்.

லாக்கப்பில் கணவன், வைத்த சாப்பாட்டைத் தொடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

வெளியே ஏட்டு கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மேலதிகாரிக்கு ரிப்போர்ட் இங்கிலீஷில்தான் போக வேண்டும். ஏட்டுவுக்கும் இங்கிலீஷுக்கும் ஏழாம் பொருத்தம்.

"மேடம், 'உடந்தையா இருந்தாள்'னு எழுதணும். 'ஷி வாஸ் கிரிமினல்'னு போட்டுடவா?"

"உடந்தைக்குத் தனி வார்த்தை இருக்கு ஏட்டய்யா. அக்காம்ப்ளிஸ்."

"அது நகை நட்டுக்குச் சொல்றதில்லையோ? அக்ஸசரீஸ்!"

"அர்த்தம் பாத்துட்டு எழுதுங்க. தப்பா எழுதி என் பேரைக் கெடுக்காதீங்க."

ஏட்டு தன் ஃபோனை எடுத்தார். பையன் பரீட்சைக்காக இறக்கி வைத்திருந்த அகராதி ஆப் அதில் இருந்தது. எழுத்தெழுத்தாகத் தட்டினார். ஒலிபெருக்கி படத்தை அமுக்கினார்.

செத்தவள் பேசினாள்!

'அக்காம்ப்ளிஸ். உடந்தை. குற்றத்தைத் தெரிந்தே, அதைச் செய்ய உதவியவர். உதாரணம்: அந்தக் குற்றத்தில் நான் உடந்தையாக இருந்தேன்.'

ஏட்டுவின் கையிலிருந்து ஃபோன் நழுவி மேஜையில் விழுந்தது.



"மே... மேடம்..."

"இன்னொரு தடவை போடுங்க."

போட்டார். அதே ஏற்றம். அதே இறக்கம். 'உடந்தையாக' என்ற இடத்தில் அதே இழுப்பு!

"மெசேஜ்ல வர்ற அடுத்த வாக்கியம் என்ன? தீ! ஆர்சன்னு தட்டுங்க!"

'ஆர்சன். தீவைப்புக் குற்றம். உதாரணம்: அவர் வைத்த தீயில் ஒருவர் உயிரிழந்தார்.'

"கல்ப்ரிட்!"

'கல்ப்ரிட். குற்றம் புரிந்தவர். வேடிக்கையாகவும் வழங்கும். உதாரணம்: பூச்சாடியை உடைத்தது யார் தெரியுமா? இதைச் செய்தது என் கணவர்தான்.'

ஏட்டு தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அடப்பாவிகளா! பூச்சாடி உடைஞ்சதுக்கு மனுஷனைத் தூக்குல போடப் பாத்தோமே மேடம்!"

மீதி இரண்டு வாக்கியமும் அதே ஆப்பில் கிடைத்ததும், இன்ஸ்பெக்டர் லேபுக்கு ஃபோன் போட்டாள்.

"அஞ்சு வாக்கியத்தையும் அகராதியிலேர்ந்து உருவியிருக்காங்க. நீங்க ஒட்டே இல்லைன்னீங்க?"

மறுமுனை தடுமாறியது. "மேடம்... ஒரு வழி இருக்கு. வாக்கியங்களை ஒட்டிட்டு, அடியில ஒரு ரூமோட வெறும் அமைதியை விரிச்சுட்டா ஒட்டு மறைஞ்சுடும். தரை மேல கம்பளம் போடற மாதிரி. ஆனா அதுக்கு யாராவது அந்த ரூமுக்குள்ளேயே போய், சத்தம் போடற எல்லாத்தையும் அணைச்சுட்டு, அமைதியை மட்டும் ரெக்கார்ட் பண்ணியிருக்கணும்."

சத்தம் போடுகிற எல்லாவற்றையும்!

இன்ஸ்பெக்டர் எழுந்தாள்.

கொதிக்கிற வெயிலில் அணைந்திருந்த ஃபேன்... நின்றுபோன கடிகாரம்...

"ஏட்டய்யா, ஜீப்பை எடுங்க!"

*

சீலை உடைத்து உள்ளே போனார்கள். புளித்த நாற்றம் மூக்கில் அடித்தது.

கடிகாரத்தைத் திருப்பினாள். பேட்டரி இல்லை! அலமாரித் தட்டின் மேல் சமர்த்தாகப் படுத்திருந்தது.

சமையலறை. ஃபிரிட்ஜ் பேச்சு மூச்சில்லாமல் நின்றது. சுவிட்ச் அணைக்கப்பட்டிருந்தது.

"கரண்ட் போச்சா?" என்று ஏட்டு பக்கத்து வீட்டு அம்மாளைக் கேட்டார்.

"போகவே இல்லையே! எங்க வீட்டுல நேத்து முழுக்க டி.வி. ஓடிச்சே!"

இன்ஸ்பெக்டர் ஃபிரிட்ஜைத் திறந்தாள். பால் திரிந்து கட்டி தட்டியிருந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு, முட்டை வைக்கிற தட்டில் கையை விட்டாள்.

விரலில் ஏதோ தட்டுப்பட்டது.

பைக் சாவி!

ஏட்டு ஒரு நிமிஷம் பேசவில்லை. அதுவே பெரிய செய்தி.

"காலையில ஸ்டூடியோவுல பாத்தது..." என்றார் மெதுவாக.

"வேற சாவி. அவன் வீட்டுல இருந்த மாத்துச் சாவியா இருக்கும்."

"மேடம், எனக்கு ஒண்ணு புரியலை. கொலை பண்ண வந்தவன் எதுக்கு ஃபிரிட்ஜை அணைக்கணும்? சாகப்போற பொம்பளை வீட்டுல ஃபிரிட்ஜ் சத்தம் கேட்டா என்ன குறைஞ்சுபோச்சு? கேட்டாத்தானே நம்பும்படியா இருக்கும்!"

"வேற யாராவது இருந்தா அப்படியே விட்டிருப்பான். இவனால முடியாது. மைக்கை எடுத்தா சுவிட்சுக்குக் கை போயிடும். கொலையைக் கூட சுத்தமா ரெக்கார்ட் பண்ணணும் இவனுக்கு."

அவள் சாவியைப் பையில் போட்டுக்கொண்டாள். ஃபிரிட்ஜின் சுவிட்சைப் போட்டாள்.

"அவனுக்கு ஃபோன் போடுங்க. ஒலி சம்பந்தமா ஒரு சந்தேகம், உங்களை விட்டா ஆளில்லைன்னு சொல்லுங்க."

*

அரை மணியில் சவுண்டு வந்தான்.

ஹாலுக்குள் காலை வைத்தவன் அப்படியே நின்றான். யாருக்கும் கேட்காதது அவனுக்குக் கேட்டது.

'உம்...'

ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது!

தான் அணைத்துவிட்டுப் போட மறந்த ஃபிரிட்ஜ். யார் போட்டார்கள்? போட்டவர்கள் திறந்தும் பார்த்தார்களா?

"உக்காருங்க சார்," என்றாள் இன்ஸ்பெக்டர். "இந்த ஹால்லதான் பேசினாங்களான்னு உங்களால சொல்ல முடியுமா?"

"சொ... சொல்லலாம் மேடம். ஒரு நிமிஷம்... குடிக்கக் கொஞ்சம் தண்ணி..."

"ஃபிரிட்ஜ்ல இருக்கும். எடுத்துக்கோங்க."

சவுண்டு போனான். கதவு திறக்கும் சத்தம். கண் எதிரில் தண்ணீர் பாட்டில்கள் வரிசையாக நின்றன. அவன் கை அவற்றைத் தொடவில்லை. நேராக முட்டைத் தட்டுக்குப் போனது.

துழாவியது.

மறுபடியும் துழாவியது.

"பைக் சாவியா சார் தேடறீங்க?"

திரும்பினான். சமையலறை வாசலில் இன்ஸ்பெக்டர். அவள் விரலில் சாவி ஆடிக்கொண்டிருந்தது.

சவுண்டு ஓடப் பார்த்தான். ஏட்டுவின் உடம்பு வாசலை முழுதாக அடைத்திருந்தது.

"கீழே நிக்கிற உங்க பைக்குல இதைப் போட்டுப் பாத்துடலாமா? இல்ல நீங்களே சொல்றீங்களா?"

அவன் ஃபிரிட்ஜோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"சொல்லிடறேன்... ஸ்டூடியோவை நான்தான் கொளுத்தினேன். இன்ஷூரன்ஸுக்காக. இப்ப அவ போலீசுக்குப் போறேன்னு பிடிவாதம் பிடிச்சா. சரி, ரெண்டு பேரும் சேர்ந்தே போவோம், முதல்ல நடந்ததைப் பதிவு பண்ணிக்கலாம்னு நைசாப் பேசினேன். அவளே போய் கடிகாரத்துப் பேட்டரியைக் கழட்டினா. ஃபிரிட்ஜை நான் அணைச்சேன். எப்பவும் முதல்ல அமைதியைத்தான் எடுப்போம். கையை மடியில வச்சுக்கிட்டு, மூச்சு விடற சத்தம் கூட வராம உக்காந்திருந்தா..."

ஏட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அவ ஃபோன் பண்ணினதுமே வாக்கியமெல்லாம் கோத்து லேப்டாப்புல எடுத்துட்டு வந்திருந்தேன். அமைதியை அடியில விரிச்சேன். அவ ஃபோனுக்கு மாத்தினேன். கேட்டா, சும்மா டெஸ்ட்னு சொன்னேன். லாரி ஹாரன் அடிக்குது, பால்கனியில என்ன சத்தம்னு பாருன்னேன். எட்டிப் பாத்தா... மெசேஜைத் தட்டிவிட்டேன். கீழே ஒரே கூச்சல். எல்லாரும் பின்பக்கம் ஓட, நான் முன்வாசல் வழியா ஓடிட்டேன். பாதித் தெருவுலதான் சாவி ஞாபகம் வந்தது."

"ஒரு உயிரை எடுத்துட்டு, இன்னொருத்தரையும் மாட்டிவிட்டிருக்கே."

சவுண்டு சட்டென்று நிமிர்ந்தான்.

"என்னை மட்டும் சொல்லாதீங்க மேடம்! தீ வச்ச அன்னிக்கு கேட்டுல காவலுக்கு நின்னது யார்? அவதான்! உள்ளே யாரும் இல்லைன்னு கை காட்டினது அவதான்! புது ஸ்டூடியோவுல பங்குன்னு சொன்னேன், வந்தா. வெட்டி ஒட்டினது நானா இருக்கலாம்... ஆனா ஒட்டினதுல அந்த ஒரு வரி நிஜம். அவ உடந்தைதான்!"

*

லாக்கப் கதவு திறந்தது.

"வெளிய வாங்க சார்," என்றார் ஏட்டு. "தீ வச்சவனும் ஒங்க வீட்டம்மாவைத் தள்ளிவிட்டவனும் ஒரே ஆளு. மாட்டிக்கிட்டான்."

கணவன் எழுந்து வந்தான். சந்தோஷம் இல்லை. ஆச்சரியமும் இல்லை. இன்ஸ்பெக்டருக்கு எதிரில் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

"எல்லாத்தையும் சொல்லிட்டானா?" என்று மட்டும் கேட்டான்.

அந்தக் கேள்விதான் இன்ஸ்பெக்டருக்குள் எதையோ பட்டென்று உடைத்தது. நேற்று அந்த முகத்தில் பிடிபடாதது இப்போது பிடிபட்டது!

"சார்... அந்த அஞ்சு வாக்கியமும் யார் எழுதினது?"

அவன் மேஜை மேலிருந்த தாள்களை ஓரம் பார்த்து அடுக்கினான்.

"நீங்க எழுதினது. ஒரு அம்மா தன் குழந்தையைக் கூட்டத்துல அடையாளம் கண்டுபிடிக்கிற மாதிரி, உங்க வாக்கியம் உங்களுக்குத் தெரியும். மெசேஜ் வந்த நிமிஷமே உங்களுக்குத் தெரியும், அது ஒட்டினதுன்னு! ஒட்டினவன் யாருன்னும் தெரியும்! வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லலை நீங்க. ஏன்?"

அவன் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தான்.

"அவனைப் பிடிச்சா, அவன் இவ பேரையும் சொல்லுவான் மேடம்."

"அப்ப உங்க மனைவி அந்தத் தீக்குத் துணை போனது உங்களுக்கு..."

"அன்னிக்கே சொல்லிட்டா. துப்பட்டாவெல்லாம் பெட்ரோல் நாத்தம். வாட்ச்மேன் உள்ளே இருந்தது தெரியாதுன்னு தலையில அடிச்சுக்கிட்டா. நான்தான் துணியை ஊறவச்சுத் துவைச்சேன்."

ஏட்டு பேனாவை மூடிவிட்டு அவனைப் பார்த்தார்.

"எனக்கு ஒரே பொண்ணு மேடம். அப்பன் கெட்டவன்னு தெரிஞ்சா ரெண்டு நாள் அழுதுட்டு வெறுத்துடுவா. மாமா வீட்டுல நல்லா வளருவா. அம்மா இப்படின்னு தெரிஞ்சா... அவகிட்ட அம்மாவோட மிச்சம் இருக்கிறது அந்தக் குரல்தான். அதுலயும் ரத்தம் பட்டுடக்கூடாதுன்னு நினைச்சேன்."

"அதுக்காக, பொண்டாட்டியைக் கொன்னவனை ஊர்ல உலாவ விட்டீங்க! காலையில அவன் என் எதிர்ல நின்னு கண்ணைத் துடைச்சுக்கிட்டான் சார்!"

அவன் தலையாட்டினான். யாரோ யாரையோ திட்டுகிற மாதிரி கேட்டுக்கொண்டான். துக்கம் எங்கேயோ தூரத்தில், அடுத்த தெருவில் நடப்பது மாதிரி இருந்தது அவனுக்கு.

"அப்ப நீங்களும் அக்காம்ப்ளிஸ்தானே?" என்றாள் இன்ஸ்பெக்டர் கசப்போடு.

"இல்லை மேடம்." முதல்முறையாக அவன் குரலில் கொஞ்சம் உயிர் வந்தது. தொழில் பேச்சு. "அந்த வார்த்தை இங்கே பொருந்தாது. செய்யறதுக்கு முன்னாடி உதவினா, இல்ல செய்யும்போது கூட நின்னா, அக்காம்ப்ளிஸ். எல்லாம் முடிஞ்சப்புறம், தெரிஞ்சே மூடி மறைச்சவனுக்கு வேற வார்த்தை இருக்கு."

"என்ன வார்த்தை?"

அவன் வாயைத் திறந்தான். கூரையைப் பார்த்தான். மேஜையைப் பார்த்தான். உதடு இரண்டு தடவை அசைந்தது.

"நான்தான் எழுதினேன்... அர்த்தம் கூட எழுதினேன்... ஞாபகம் வரலை மேடம்."

இன்ஸ்பெக்டர் ஒரு டம்ளர் தண்ணீரை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"கடைசியா ஒண்ணு சார். இத்தனை மாசம் சும்மா இருந்தவங்க, நேத்து எதுக்குப் போலீசுக்குப் போறேன்னு அவன்கிட்டப் போய்ச் சொன்னாங்க? உங்ககிட்ட சொல்லலையா?"

டம்ளரைப் பிடித்த அவன் கை நின்றது.

"சொன்னா. காலையில ஆபீஸ் கிளம்பும்போது. 'என்னால தூங்க முடியலைங்க. போலீஸ்ல சொல்லிடறேன். நீங்க கூட வர்றீங்களா'ன்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கேக்காத மாதிரி செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டேன்."

கூட வர ஆள் தேடித்தான் அவள் அடுத்த ஃபோனை சவுண்டுக்குப் போட்டிருக்கிறாள்!

அவன் தண்ணீரைக் குடிக்கவில்லை, அழவும் இல்லை. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டச் சொல்லி, போட்டான். பிறகு தானாகவே எழுந்து, லாக்கப்புக்குள் போய், முன்பு உட்கார்ந்திருந்த அதே இடத்தில் உட்கார்ந்தான்.

ஏட்டு கதவைப் பூட்டிவிட்டு வந்தார்.

"ஊருக்கே வார்த்தை வார்த்தையாச் சொல்லிக் கொடுத்த மனுஷன் மேடம்... வீட்டுல 'வர்றேன்'னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இன்னிக்கு நமக்கு இங்கே வேலையே இருந்திருக்காது!"